பத்மினிக்குப் பழைய கியர்பாக்ஸ் வாங்கப் போறீங்களா?

பிரீமியர் பத்மினி உற்பத்தி நின்று 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. கியர்பாக்ஸ் போச்சுன்னா, புதுப்பேட்டை மாதிரி இடத்துல பழசுதான் தேடணும். எதைப் பார்த்து வாங்குறது?

வெளியில துடைச்சுப் பளபளன்னு இருக்கிறதை நம்பாதீங்க. நான் முதல்ல பார்க்கிறது உள்ளே மிச்சமிருக்கிற ஆயிலை. விரல்ல தொட்டா பொன்னிறத் தூள் மினுங்குதா? பித்தளை சிங்க்ரோ ரிங் தேய்ஞ்சிருக்கு, அதை மாத்திக்கலாம். இரும்புச் சில்லு வந்தா, பல் உடைஞ்சிருக்கு. அதை வாங்காதீங்க.

இந்த வண்டியில நாலு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி உருளும்போதே அதைப் போட்டுப் போட்டு, பல் நுனி மழுங்கியிருக்கும். நகர நெரிசல்ல ரெண்டாவது கியரோட சிங்க்ரோவும் சீக்கிரம் தேயும். மூடியைத் திறந்து இந்த ரெண்டையும் பாருங்க.

பிரிச்சதும் ரிங்கை அதோட கூம்புல அழுத்துங்க. கியருக்கும் ரிங்குக்கும் நடுவே இடைவெளியே இல்லைன்னா ரிங் முடிஞ்சுது. பேரிங், ஆயில் சீலை எப்படியும் மாத்திடுங்க.

முக்கியமா, உங்க பழைய கியர்பாக்ஸை எடைக்குப் போடாதீங்க. ரெண்டுல இருந்து ஒண்ணு தேத்தலாம். ஆனா சேர்ந்து சுத்தித் தேய்ஞ்ச கியர் ஜோடியை மட்டும் பிரிக்காதீங்க; பிரிச்சா சத்தம் போடும்.