ஆள் நெருக்கமும் ஓட்டுப் பெட்டியும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்காவில் இருக்கிறாய், உன் வேலையைப் பற்றி ஏதாவது பேசு" என்று செயலாளர் சொன்னார். வேலையில் தொடங்கி அரசியலில் போய் முடிக்கப் போகிறேன். பயப்படாதீங்க, கட்சிப் பிரசாரம் இல்லை!

டெக்ஸாஸ் மாநிலத்தில் செல்போன் கோபுரங்களை எங்கே, எத்தனை வைப்பது என்று கணக்குப் போடுவது என் தொழில். அதற்கு முதலில் வேண்டியது மக்கள் நெருக்கம், அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் என்ற எண். அந்த நெருக்க வரைபடத்தையும் தேர்தல் முடிவு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும்.

டெக்ஸாஸில் 254 கவுண்டிகள் உண்டு. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் மாதிரி. 2020 ஜனாதிபதி தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் பைடன் ஜெயித்தது 22 கவுண்டிகளில் மட்டுமே. ஆனால் ஹூஸ்டன், டல்லாஸ், சான் அன்டோனியோ, ஆஸ்டின் ஆகிய பெருநகரங்களின் கவுண்டிகள் நான்கும் அந்த 22-க்குள் அடக்கம். மாநிலம் குடியரசுக் கட்சியின் டிரம்புக்குப் போனது. ஆனாலும் பைடனுக்கு 46 சதவீத ஓட்டு. அதே மாநிலத்தின் மேற்கில் லவிங் கவுண்டி. சுமார் 1,700 சதுர கிலோமீட்டர் நிலம், 2020 கணக்கெடுப்பில் 64 பேர்! அங்கே டிரம்புக்குச் சுமார் 90 சதவீதம். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 28,000 பேருக்கு மேல். அங்கே பைடனுக்கு 86 சதவீதம்.

ஏன் இப்படி? ஊரில் கூட்டம் கூடினால் மூளை மாறிவிடுமா? இல்லை. எனக்குத் தெரிந்து மூன்று காரணங்கள்.

ஒன்று, அன்றாட வாழ்க்கை. நகரத்துக்காரருக்குப் பஸ், சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பொதுச் சொத்து. அரசாங்கம் ஒரு நாள் நின்றால் அவருக்கு உடனே வலிக்கும். பண்ணையில் இருப்பவருக்குச் சொந்தக் கிணறு, சொந்தக் கழிவுத் தொட்டி, சொந்த ஜெனரேட்டர். போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்பதால் வீட்டில் துப்பாக்கி. அவர் கண்ணுக்கு அரசாங்கம் பெரும்பாலும் வரி நோட்டீஸாகத்தான் தெரிகிறது.

இரண்டு, வரலாறு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜொனாதன் ராடன் 2019-ல் வெளியிட்ட நூலில் இதை விளக்குகிறார். ரயில் பாதையை ஒட்டித் தொழிற்சாலைகள் வந்தன, அவற்றைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் நெருங்கி எழுந்தன. 1930-களில் ரூஸ்வெல்ட் காலத்தில் தொழிற்சங்கங்கள் ஜனநாயகக் கட்சியோடு கைகோத்தன. ஆலைகள் மூடிய பிறகும் உறவு நின்றது.

மூன்று, சலித்துப் பிரிவது. பட்டதாரிகளும் இளைஞர்களும் குடியேறியவர்களும் நகரத்துக்குப் போகிறார்கள். வயதானவர்களும் நிலம் உள்ளவர்களும் ஊரில் தங்குகிறார்கள். நெருக்கம் என்று நாம் பார்ப்பதில் பாதி, கல்வி, வயது, இனம் ஆகியவற்றின் நிழல்தான்.

அதனால்தான் விதிவிலக்குகள் முக்கியம். மிசிசிப்பியில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள விவசாயக் கவுண்டிகள் பல, ஆள் குறைவாக இருந்தும் ஜனநாயகக் கட்சிக்கே போடுகின்றன. வெர்மான்ட் கிராமப்புற மாநிலம். 2020-ல் அங்கே பைடனுக்கு 66 சதவீதம். டெக்ஸாஸின் எல்லையில் உள்ள ஸ்டார் கவுண்டி நூறாண்டுக்கும் மேலாக ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 2024-ல் அது டிரம்பிடம் போனது. ஆள் நெருக்கம் மாறவில்லை, மனம் மாறியது!

இங்கே மாணவர்களுக்கு ஒரு தொழில் எச்சரிக்கை. சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். 1,000 சதுர கிலோமீட்டர் கவுண்டியில் ஒரு லட்சம் பேர் என்றால் சராசரி நெருக்கம் 100. ஆனால் அதில் 90,000 பேர் 10 சதுர கிலோமீட்டர் டவுனில் இருந்தால்? அவர்களைச் சுற்றி நெருக்கம் 9,000. மீதி 10,000 பேருக்கு வெறும் 10. ஒவ்வொரு ஆளும் அனுபவிக்கும் நெருக்கத்தைக் கூட்டிச் சராசரி போட்டால் 8,100 வரும். 100 எங்கே, 8,100 எங்கே! அந்த ஊரில் 100 என்ற நெருக்கத்தில் வாழ்பவர் ஒருவர்கூட இல்லை.

இந்தக் கணக்கு அதிகாரத்தையும் தொடுகிறது. வயோமிங், பரப்பில் தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2020-ல் மக்கள் 5.77 லட்சம். கலிஃபோர்னியாவில் 3.95 கோடி. செனட்டில் இரண்டுக்கும் தலா 2 இடம். வெற்று நிலத்தோடு சேர்ந்த ஓட்டுக்கு எடை கூடுகிறது. நகரத்தில் குவிந்த ஓட்டு, ஒரே தொகுதியில் மலைபோலக் குவிந்து வீணாகிறது. 2018-ல் விஸ்கான்சின் சட்டமன்றத் தேர்தலில் மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் வாங்கிய ஜனநாயகக் கட்சிக்கு 99-ல் 36 இடமே கிடைத்தது. ஆளுங்கட்சி தொகுதி எல்லைகளைத் தனக்குச் சாதகமாக வெட்டியதும் ஒரு காரணம். மில்வாக்கி, மேடிசன் நகரங்களில் ஓட்டு குவிந்து கிடந்ததும் ஒரு காரணம்.

ஆனால் என்னை உறுத்துவது இன்னொன்று. "இங்கே ஆள் குறைவு, கட்டுப்படியாகாது" என்று கோபுரம் வராத இடத்தில், "இந்த ஓட்டு எப்படியும் நமக்குத்தான்" என்று ஒரு கட்சிக்காரரும், "எப்படியும் கிடைக்காது" என்று இன்னொரு கட்சிக்காரரும் எட்டிப் பார்ப்பதில்லை. நகரத்தின் ஏழைப் பகுதிகளுக்கும் இதே கதி. யாரும் வந்து கேட்காத ஓட்டுக்கு மதிப்பு ஏது? கேட்டால் வழி பிறக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2021-ல் இணைய வசதி எட்டாத இடங்களுக்காக 4,245 கோடி டாலர் ஒதுக்கிய சட்டத்துக்கு, செனட்டில் இரு கட்சியினரும் கைதூக்கினார்கள். சிக்னல் இல்லாத வீட்டில் நெஞ்சுவலி வந்தால், கட்சி பார்த்து வருவதில்லையே!

தம்பி, தங்கைகளே, நாளை உங்களில் பலர் மக்களைப் பற்றிய தரவை வைத்துத்தான் பிழைக்கப் போகிறீர்கள். அஞ்சல் குறியீட்டு எண்ணைப் பார்த்து இவர் இன்ன ஆள், இன்ன கட்சி என்று சொல்லும் நிரல் எழுதுவது சுலபம், பத்துக்கு எட்டு முறை சரியாகவும் இருக்கலாம். அந்த மீதி இரண்டு பேரும் ஓட்டுள்ள மனிதர்கள்தான். அவர்களுக்கும் உங்கள் கணக்கில் ஓர் இடம் வையுங்கள்.