பிளேசார் ஒளிவெடிப்புகள்: பொருந்துவதும் பொருத்துவதும்

 

இந்தக் கருத்தரங்கின் கேள்வி ஒன்றுதான். ஒரு பிளேசாரில் காமா கதிர் எகிறும்போது எக்ஸ் கதிரும் கண்ணுறு ஒளியும் ரேடியோ அலையும் கூடவே எகிறுகின்றனவா?

பாடநூல் விடை எளிது. பிளேசாரின் மையத்திலுள்ள பெருநிறைக் கருந்துளையிலிருந்து நம்மை நோக்கிப் பாயும் தாரையில், காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்கள் ரேடியோ முதல் எக்ஸ் கதிர் வரை உமிழ்கின்றன. அதே எலெக்ட்ரான்கள் ஒளித்துகள்களோடு மோதி அவற்றைக் காமா கதிராக உயர்த்துகின்றன. ஆகவே எல்லாம் சேர்ந்தே ஏற வேண்டும். தாரையின் அடிப்பகுதி ரேடியோ அலையை வெளியே விடாததால் அது மட்டும் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் பிந்தலாம்.

வானம் இதற்குப் பாதிதான் உடன்படுகிறது. 2010 பிப்ரவரியில் மார்க்காரியன் 421 என்ற பிளேசார் பொங்கியது. லடாக்கின் ஹான்லேயில் 4,270 மீட்டர் உயரத்தில் நிற்கும் நம் ஹாகர் தொலைநோக்கி வரிசை அதன் உச்சத்தை 17ஆம் தேதி பதிவுசெய்தது. எக்ஸ் கதிரும் அந்நாள்களில் ஓங்கியே இருந்தது. ஆனால் 2002 ஜூனில் 1ஈஎஸ் 1959+650 என்ற பிளேசார் உயராற்றல் காமா கதிரில் வெடித்தபோது எக்ஸ் கதிரில் அதற்கு இணை இல்லை. அந்த அநாதை வெடிப்பு, எலெக்ட்ரான் மட்டும் போதுமா, புரோட்டானுக்கும் பங்குண்டா என்ற வாதத்தைக் கிளப்பியது. 2017 செப்டம்பர் 22 அன்று தென்துருவத்து ஐஸ்கியூப் உணர்கருவியில் சிக்கிய நியூட்ரினோ, அப்போது காமா கதிரில் பொங்கியிருந்த டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார் இருக்கும் திசையைக் காட்டியதும், நியூட்ரினோ பிறக்கப் புரோட்டான் வேண்டும் என்பதால் வாதம் சூடுபிடித்தது.

என் கவலை வேறு. பொருந்துவதாகத் தோன்றுவதை எல்லாம் தொடர்பென்று எழுதிவிடுகிறோம். மதுரை மல்லி விலையும் வைகை அணை நீர்மட்டமும் ஏறி இறங்குபவை. ஒரு கோட்டின்மேல் மற்றதை வைத்து முன்பின் நகர்த்தினால் எங்காவது பொருந்தத்தான் செய்யும். பிளேசார்களின் ஒளி வளைகோடுகளும் அப்படிப்பட்டவையே. 2014இல் வெளியான ஆய்வொன்று, ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் 40 மீட்டர் ரேடியோ தொலைநோக்கித் தரவையும் ஃபெர்மி விண்கலத்தின் காமா தரவையும் 41 பிளேசார்களில் ஒப்பிட்டது. தற்செயலாக இருக்க வாய்ப்பு குறைவு என்று காட்டும் 2.25 சிக்மா அளவைத் தாண்டியவை மூன்றே மூன்று!

இடைவெளியுள்ள தரவு இந்த மயக்கத்தைக் கூட்டும். 3சி 279 என்ற பிளேசார் ஆண்டுதோறும் அக்டோபரை ஒட்டி வானில் சூரியனுக்கு அருகே போய்விடும். காவலூரில் மழைமேகம் கவிந்தால் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே இங்கே கட்டுரை வாசிப்போரிடம் இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்கிறேன்: கணினியில் உருவாக்கிய எத்தனை போலி வளைகோடுகளோடு உங்கள் முடிவை ஒப்பிட்டீர்கள்? தரவில் விடுபட்ட இரவுகளை எப்படிக் கையாண்டீர்கள்?

தொடர்பில்லை என்ற முடிவோடு வருபவருக்கும் இந்த அவையில் அதே மரியாதை கிடைக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.