கைக்கு எட்டும் பின்னலும் எட்டாத பின்னலும்

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வி பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். கல்வியின் பெருமை இம்மேடையில் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. ஆதலின் நாம் அதன் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அது கம்பளி நூல் பின்னல். இந்த வெயில் பூமியில் கம்பளியா என்று பின்வரிசையில் சிலர் நகைப்பது தெரிகிறது. மார்கழிப் பனியில் கைக்குழந்தைக்குக் குல்லாய் போடாத தாய் நம் தெருவில் உண்டா என்று அவர்கள் வீட்டில் கேட்டுப் பார்க்கட்டும்.

சங்கக் கட்டடத்தில் கோடை விடுமுறையில் நடைபெறும் பின்னல் வகுப்பை நாம் கவனித்து வருகிறோம். ஒரு மாணவி முதலாண்டில் மப்ளர் பின்னுகிறாள். இரண்டாம் ஆண்டும் மப்ளர். மூன்றாம் ஆண்டு நிறம் மாறிய மப்ளர். ஏனம்மா என்றால், "இதுதாங்க சார் எனக்கு நல்லா வருது" என்கிறாள்.

நன்றாக வருவதையே செய்வதில் குற்றமில்லை. விற்பனைக்கு அதுவும் வேண்டும். ஆயினும் 'உனக்கு இதுதான் வரும்' என்னும் சொல்லுக்கு நம் மக்களிடையே ஒரு வரலாறு உண்டு. 1953 இல் சென்னை மாநிலத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில், நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம், எஞ்சிய நேரம் பெற்றோர் செய்யும் தொழில் என்றொரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு மக்கள் எதிர்த்தனர். 1954 இல் காமராசர் அமைச்சரவை அதனைக் கைவிட்டது. திட்டம் போயிற்று, அச்சொல் மட்டும் நம் பிள்ளைகள் சிலரின் நெஞ்சில் அவர்கள் சொந்தச் சொல்லைப்போலவே குடியிருக்கிறது. கம்பளிப் பின்னலோ இங்கே எக்குலத்தின் தொழிலும் அன்று. எதைப் பின்னுவது என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

எவ்வாறு தேர்வது? நிட், பர்ல் என்று ஆசிரியைகள் சொல்லும் இரண்டு கண்ணிகளே எல்லாப் பின்னலுக்கும் அடிப்படை. மப்ளர் முடித்தவளுக்கு இரண்டும் கைவந்தவை. அவளுக்குத் தெரியாதவை எவை? கண்ணிகளைக் குறைத்து வடிவம் கொடுத்தல், நான்கு ஊசிகளில் வட்டமாகப் பின்னுதல், கண்ணிகளை இடம் மாற்றிக் கயிறு முறுக்கினாற்போல் தோன்றச் செய்யும் கேபிள் வேலை, காலுறையின் குதிகால். இந்நான்கும் ஒருசேர அமைந்த வேலையை எடுத்தால் அது பாதியில் பரணுக்குப் போய்விடும். ஒன்றுமே இல்லாததை எடுத்தால் மீண்டும் மப்ளர்தான். புதியது ஒன்று மட்டும் உள்ள வேலையைத் தேர்க. குழந்தைக் குல்லாய் மிக நன்று. இரண்டு ஊசிகளிலேயே பின்னி, பின்புறம் தைத்துவிடலாம். உச்சியில் கண்ணி குறைத்தல் மட்டுமே புதிது. ஐம்பது கிராம் நூல் போதும். கெட்டாலும் பிரித்து மறுபடி பின்னலாம். அதன்பின் குழந்தைக் காலுறை. குதிகாலில் வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்பித் திரும்பி வர, தட்டையான பின்னல் தானே குழிந்து கிண்ணம்போல் ஆகும். அதனை முதன்முறை கண்ட பிள்ளையின் முகத்தை நாம் வகுப்பறையில் எப்போதாவதுதான் பார்க்கிறோம்.

நூல் பற்றி ஒரு சொல். புதிய வேலைக்குக் கறுப்பு, கருநீலம் வேண்டா. இரவு விளக்கில் கண்ணி தெரியாது. வெளிர் நிறத்தில் சற்றுத் தடித்த நூலே ஏற்றது. ஊசியின் பழைய எண் கணக்கில் 8 ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10 ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். எண் கூடினால் ஊசி மெலியும். கடையில் இதனை மறவாதீர்.

ஸ்வெட்டருக்குத் துணிவோர் முதலில் ஒரு சதுரம் பின்னி அளந்து பார்க்க வேண்டும். நான்கு அங்குலத்துக்கு இருபது கண்ணி என்று புத்தகம் சொல்கிறது. முப்பது அங்குலச் சுற்றளவுக்கு 150 கண்ணி வரும். உங்கள் கை சற்றுத் தளர்ந்தது, நான்கு அங்குலத்துக்குப் பதினெட்டுதான் விழுகிறது என்று கொள்வோம். அதே 150 கண்ணி 33 அங்குலத்துக்கும் மேலே போய்விடும். தம்பிக்குப் பின்னியது அண்ணனுக்குப் போகும். கணக்கு எதற்குப் பயன்படும் என்று எட்டாம் வகுப்பில் கேட்போர்க்கு இதனினும் நல்ல விடை நம்மிடம் இல்லை.

கடினமான வரிசைக்கு முன் வேறு நிறத் தையல் நூலை ஊசியிலுள்ள கண்ணிகள் அனைத்தின் ஊடேயும் கோத்து விடுக. மேலே பிழை நேர்ந்தால் அந்நூல்வரை மட்டும் பிரித்தால் போதும். அஞ்சாமல் துணிவதற்கு இத்தகைய ஏற்பாடு வேண்டும்.

இனி நாகர்கோயிலைச் சொல்ல வேண்டும். அவ்வூர் அடங்கிய திருவிதாங்கூர் அரசில் 1855 இல்தான் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன், 1820-களில், இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் அங்குப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணை இணையாக மாற்றிப் போடும் நுண்ணிய வேலை அது. கற்றோருள் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தனர். லேஸ் விற்று வந்த பணத்தைச் சேர்த்து அவர்களுள் சிலர் தம் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினர். எளிதில் வருவது போதும் என்று அவர்களுக்கு ஏதோ ஒரு சில்லறை வேலையைக் கற்பித்திருந்தால் அப்பணம் சேர்ந்திராது என்பது நம் கருத்து.

பெண்கள் வேலைதானே என்று ஒதுங்கும் தம்பிகளுக்கும் ஒரு செய்தி. ஜெர்மனியிலும் ஆல்சேஸ் பகுதியிலும் 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் பின்னல் தொழிற்சங்கங்களில் இருந்தோர் பெரும்பாலும் ஆடவர். அங்கே தேர்ந்த தொழிலாளி எனப் பெயர் பெறப் பூ வேலைப்பாடு நிறைந்த பெரிய கம்பளம் ஒன்றைப் பின்னிக் காட்ட வேண்டும். மப்ளரைக் காட்டித் தப்ப இயலாது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்களிலிருந்து பிள்ளைகள் திருப்பூருக்குப் போகிறார்கள். அங்கே வட்டப் பின்னல் இயந்திரம் போடுவதும் இதே கண்ணிகள்தாம். கைமடிக்கவும் பிசிறு வெட்டவும் சேர்கிறவர்களுள் சிலர் பல ஆண்டுகள் கழித்தும் அதே இடத்தில் நிற்கின்றனர். உணவு இடைவேளையில் ஓவர்லாக் இயந்திரத்தில் வீணான துண்டுத் துணியைத் தைத்துப் பழகியவர் டெய்லர் ஆகிறார். அவருடைய கூலி வேறு. அடுத்துப் பிளாட்லாக்கில் அமர்கிறார். இந்த ஏணியை எவரும் அழைத்து ஏற்றிவிடுவதில்லை. அடுத்த இயந்திரத்தைத் தாமே கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

இவ்வாண்டு வகுப்புக்காக வெளிர் மஞ்சள் நூலும் 8 ஆம் எண், 10 ஆம் எண் ஊசிகளும் சங்கத்தில் வாங்கி வைக்கப்பட்டுள்ளன. முன்னரே மப்ளர் பின்னியோர் குல்லாய்ப் பிரிவிலும், குல்லாய் முடித்தோர் காலுறைப் பிரிவிலும் பெயர் கொடுக்கலாம். மப்ளர்ப் பிரிவில் புதியவர்களுக்கு மட்டுமே இடம். தம்பிகளும் பெயர் கொடுக்கலாம். பட்டியல் வாயிலில் இருக்கிறது.