எந்த ஊரில் குடியிருப்பது?



இடமாற்றக் கடிதம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். இன்ன திகதியில் இன்ன இடத்திற் கடமையேற்க வேண்டும் என்பதே அதில் இருக்கும். எவ்வூரில் வீடு பார்ப்பது, பிள்ளையை எப்பாடசாலையிற் சேர்ப்பது, நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பனவற்றை அது சொல்வதில்லை. அவற்றுக்கு விடை காணும் பொறுப்பு, மணமாகி ஐந்தாறு ஆண்டுகளே கழிந்த இளந் தம்பதியர்மீது வந்து விழுகின்றது.

பாடசாலை அதிபருக்கு ஆண்டுதோறும் இத்தகைய குடும்பங்களைக் காணும் வாய்ப்பு உண்டு. தந்தையார் புதிய உத்தியோகத்துக்கு வந்திருப்பார். தாயார் கைக்குழந்தையுடன் நிற்பார். மூத்த பிள்ளை மேசைமேலுள்ள பூகோள உருண்டையைச் சுழற்றிக்கொண்டிருக்கும். "வீடு எங்கே எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். "கந்தோருக்குப் பக்கத்தில்" என்றோ, "வாடகை குறைந்த இடத்தில்" என்றோதான் பெரும்பாலும் விடை வரும். இவ்விரண்டு அளவுகோல்களும் போதுமானவையா என்பது பற்றிக் கல்முனைக் கரையோரத்தை உதாரணமாக வைத்து இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

இப்பகுதியை அறியாத நேயர்களுக்காக முதலில் அதன் அமைப்பைச் சொல்லிவிடலாம். 1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பெற்றதே அம்பாறை மாவட்டம். அதன் கிழக்கே கடல். கடலை அடுத்து ஒடுங்கிய மணல் நிலம். அதற்கு மேற்கே பரந்த நெல்வயல்கள். அந்த மணல் நிலத்தின் நடுவே கடலுக்கு இணையாகப் பிரதான வீதி ஓடுகின்றது. வடக்கே பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் அவ்வீதியிலே கோத்தாற்போல அமைந்துள்ளன. காரைதீவிலிருந்து மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளியைக் கடந்து சம்மாந்துறையை அடையலாம். அதற்கும் அப்பால் அம்பாறை நகர்.

புதிதாக வருபவருக்கு இவ்வூர்களெல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயல்பு உண்டு. மருதமுனை நெசவுக்குப் பேர்போனது. சம்மாந்துறையும் நிந்தவூரும் நெல்லை நம்பி வளர்ந்தவை. கல்முனை சந்தைக்கும் வங்கிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் இருப்பிடமானது. அதன் மாநகர எல்லைக்குள் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழ்ந்தனர். 1995ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் நிலைபெற்ற பின்னர், நாட்டின் பல பாகங்களிலிருந்தும் விரிவுரையாளரும் ஊழியரும் இக்கரைக்கு வரலாயினர். ஆசிரியர், வைத்தியர், வங்கி உத்தியோகத்தர் என்போரும் அவ்வாறே வருகின்றனர். இவர்கள் அனைவரும் முதலில் எதிர்கொள்வது வீட்டுப் பிரச்சினையே.

வீடு தேடுபவர் இவ்விடத்து வீட்டு வழக்கத்தை அறிந்துகொள்ளுதல் நன்று. இக்கரையில் முஸ்லிம்களிடத்தும் தமிழர்களிடத்தும் குடி என்பது தாய்வழியாகவே எண்ணப்பட்டு வந்துள்ளது. பெண்ணுக்கு மணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழ்வான். பெற்றோர் தாம் இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அண்மையிலோ வேறொன்று கட்டி, இளைய பெண்மக்களுடன் அங்கே போய்விடுவர். இவ்வாறு தாயும் மகளிரும் ஒருவர் கூப்பிட மற்றவர் கேட்கும் தூரத்தில் வாழ்வது இங்குள்ள வழமை.

இவ்வழமையினால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. தலைமுறைதோறும் வளவு துண்டாகின்றது. நிலம் பேர்ச்சுக் கணக்கில் விலையேறுகின்றது. கட்டிய வீடுகள் பெண்மக்களுக்கே உரியனவாகிவிடுவதால், கல்முனை, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் வாடகைக்கு வீடு கிடைப்பது எளிதன்று. இது முதலாவது விளைவு. இரண்டாவதோ கணக்கில் அகப்படாதது. இக்கரையிலுள்ள ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் குடும்பம் பெயரும்போது, ஆண்மகன் ஒரு தடவை ஏற்கனவே தாய்வீட்டை விட்டு வந்தவன். அவனுக்கு அது பழகிய காரியம். பெண்ணுக்கோ அதுவே முதற் பிரிவு. அடுப்பில் உலை கொதிக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வந்த தாயின் கை, கிணற்றடியிற் பேசிக்கொண்டிருந்த தங்கையின் குரல், எல்லாவற்றையும் அவள் ஒரே நாளில் இழக்கின்றாள்.

நான் கண்ட இரண்டு குடும்பங்களை இங்கே குறிப்பிடலாம். ஓர் இளம் உத்தியோகத்தர் தம் கந்தோருக்கு நடந்து செல்லும் தூரத்தில் வசதியான பெரிய வீடொன்றை எடுத்தார். சுற்றிலும் கடைகளும் களஞ்சியங்களும். மாலையானதும் அவை பூட்டப்பட்டுவிடும். பகல் முழுவதும் அவர் மனைவிக்குப் பேச்சுத் துணை இல்லை. எட்டு மாதங்களில் அவர் பிள்ளைகளுடன் தாய்வீடு திரும்பினார். கணவர் ஹோட்டற் சோற்றை உண்டு, வார இறுதியில் பஸ் ஏறலானார். மற்றொருவர் ஓர் ஆசிரியை. பாடசாலைக்கு அருகிலே நல்ல வீடு கிடைத்தும் அதனை வேண்டாமென்று விட்டு, மூன்று கிலோமீற்றர் அப்பால் ஓர் ஒழுங்கைக்குள் இரண்டு அறை வீட்டை எடுத்தார். அந்த ஒழுங்கையில் அவருடைய தாயாருக்குத் தூரத்து உறவான ஒரு மூதாட்டி இருந்தார் என்பதே காரணம். சக ஆசிரியர் சிலர் அதைக் கேட்டுச் சிரித்தனர். இரண்டாவது குழந்தை பிறந்தபோது, பிரசவ விடுமுறை முடிந்த மறுநாளே அவ்வாசிரியை வகுப்புக்கு வந்தார். குழந்தை ஒழுங்கையில் நான்கு வீட்டுப் பெண்களின் மடியில் வளர்ந்தது. இவ்விரு வீடுகளுக்குமிடையே வாடகையில் இருந்த வேற்றுமையைக் காட்டிலும் அயலில் இருந்த வேற்றுமை பெரிது.

இனித் தூரத்தைப் பற்றிச் சிந்திப்போம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று ஏறத்தாழ 25 கிலோமீற்றர்; மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். இப்பகுதியில் புகையிரதப் பாதை இல்லை; மட்டக்களப்பிலேதான் அண்மித்த நிலையம். ஆகவே பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளுமே துணை. ஆயினும், கிலோமீற்றர்க் கணக்கு கோடைக்கு மாத்திரமே பொருந்தும். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணரும் கார்த்திகை மார்கழி மாதங்களில், மேற்கேயுள்ள வயல்கள் வழியாகச் செல்லும் வீதிகள் நீரில் மூழ்குவதுண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே மாவடிப்பள்ளியில் வீதியைக் குறுக்கறுத்துப் பாய்ந்த வெள்ளம், மத்ரசா மாணவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்த உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்றது. பிள்ளைகள் பலர் உயிர் நீத்தனர். ஏனைய நாட்களில் சில நிமிடங்களிற் கடக்கும் வீதி அது. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையேயுள்ள பாதை எது, மாரியில் அதன் நிலை என்ன என்று கேளாமல் வீடு எடுப்பது தகாது என்பதை அந்தப் பிள்ளைகளின் மரணம் எமக்கு உணர்த்தியிருக்கின்றது.

மேற்கே வெள்ளம் என்றால் கிழக்கே கடல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளின்போது, இலங்கையிலே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோர ஒழுங்கைகள் சில முற்றாக அழிந்தன. கிழக்குக் கரையிலே கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்று பின்னர் அரசாங்கம் விதித்த எல்லையும் காலப்போக்கிற் தளர்த்தப்பட்டது. நிலம் குறைந்த ஊர்களில் மக்கள் வேறெங்கே போவர்? இன்று கடற்கரைக்கு அருகே வாடகை சற்றுக் குறைவாகவும் காற்றோட்டம் மிகுதியாகவும் இருத்தல் கூடும். அங்கே குடியிருக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கரையிலிருந்து பிரதான வீதிக்கு ஓடும் ஒழுங்கை எது, அது இடையில் மதிலால் அடைபட்டிருக்கின்றதா, கைக்குழந்தையுடன் ஒரு பெண் எத்தனை நிமிடத்தில் வீதியை அடையலாம் என்பவற்றை முதல் நாளே நடந்து பார்த்துவிடுங்கள். ஒலுவிலில் துறைமுகம் அமைக்கப்பட்ட பின்னர் அதன் வடக்கே கடலரிப்பு மிகுந்து தென்னைகளும் நிலமும் கடலுட் சென்றன. ஆதலால் அப்பக்கத்தில் வளவு வாங்க எண்ணுவோர், உறுதிப் பத்திரத்தைப் பார்ப்பதோடு கரையையும் போய்ப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, என் தொழிலோடு தொடர்புடைய ஒரு செய்தி. அரசாங்கப் பாடசாலையில் முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க, ஜனவரி 31ஆந் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருத்தல் வேண்டும். விண்ணப்பமோ அதற்கு முந்திய ஆண்டிலேயே கோரப்பட்டுவிடும். அனுமதியில் பெரும் பங்கு பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு உரியது. வாக்காளர் இடாப்பில் எத்தனை ஆண்டுகளாகப் பெயர் உண்டு என்பது புள்ளியாகக் கணிக்கப்படும். வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் நடுவே வேறு பாடசாலை இருப்பின் புள்ளி குறையும். இடமாற்றம் பெற்றுவரும் அரச உத்தியோகத்தரின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டெனினும் அது சிறியது. எனவே மூன்று வயதுக் குழந்தையுடன் வருபவர், இரண்டாண்டுக்குப் பிந்திய காரியத்தை இன்றே நினைத்து வீடு எடுத்தல் வேண்டும். வந்ததும் கிராம உத்தியோகத்தரைக் கண்டு பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பெயர்பெற்ற பாடசாலையை நாடித் தூரத்திலிருந்து பிள்ளையை அனுப்புவோரும் உளர். விடியுமுன் எழுந்து வண்டியேறி வரும் சிறு பிள்ளை, இரண்டாம் பாடவேளையில் மேசைமேல் தலைசாய்ப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கின்றேன். அருகிலுள்ள சாதாரணப் பாடசாலையில் விழிப்போடு இருக்கும் பிள்ளை அதனினும் கூடுதலாகக் கற்கும்.

இன்னுமொரு விடயத்தையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. இக்கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி அமைந்துள்ளன. 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் நேர்ந்த வன்செயல்களை மறவாத முதியோர், தம்மவர் நடுவிலேயே வீடு எடுக்குமாறு இளைஞருக்குப் புத்தி சொல்வர். அவர்கள் பட்டறிவினாற் பேசுகின்றனர். அதனை அலட்சியஞ் செய்தல் ஆகாது. பள்ளிவாசலோ கோவிலோ அருகில் இருப்பது குடும்பத்துக்குப் பெரும் ஆறுதல். பள்ளிவாசல் நிருவாகத்தாரிடம் தம்மை அறிமுகஞ் செய்துகொண்ட குடும்பம், நன்மையிலும் துன்பத்திலும் தனித்து நிற்பதில்லை. ஆயினும் சந்தையிலும் வைத்தியசாலையிலும் இரு சமூகத்தாரும் நாள்தோறும் ஒருவரையொருவர் காண்கின்றனர். வீட்டை எங்கே எடுத்தாலும், பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தையாவது பெயர்சொல்லி அழைக்கத்தக்க அளவு பழகிக்கொள்ளுங்கள். அப்பழக்கம் உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் விட்டுச்செல்லும் செல்வங்களுள் ஒன்றாகும்.

இன்று எங்கள் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிற் பெண்களே மிகுதியாக இருக்கின்றனர். இடமாற்றக் கடிதம் மனைவியின் பெயருக்கும் வருகின்றது. கணவர் கல்முனையிலும் மனைவி அட்டாளைச்சேனையிலும் கடமையாற்றினால், நடுவேயுள்ள நிந்தவூரில் வீடு எடுப்பது நீதியாகத் தோன்றும். ஆனால் மாலையில் முதலில் வீடு திரும்புபவர் யார், பிள்ளைக்குச் சுகமில்லையென்று பாடசாலையிலிருந்து ஆள் வந்தால் விரைந்து வரக்கூடியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். சம தூரம் எப்போதும் சம பாரம் ஆகிவிடாது.

ஆகவே, வீடு தேடும் இளந் தம்பதியருக்கு நான் கூறுவது இதுவே. சம்பளத்துக்காக ஊரை விட்டு வெளியே செல்பவரைக் காட்டிலும், பகல் முழுவதும் அந்த ஊரில் இருக்கப்போகும் சிறு பிள்ளையையும் அதனைப் பார்த்துக்கொள்பவரையும் முன்னிறுத்தி ஊரைத் தெரிவுசெய்யுங்கள். முதலாண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். வளவு வாங்க அவசரப்படாதீர்கள். இயலுமாயின் மார்கழி மாதத்தில் ஒரு தடவை வந்து, கிணற்று நீரையும் ஒழுங்கையையும் பாருங்கள். வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டால், அயல்வீட்டுப் பெண்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். அவர்கள் கதவைத் திறந்து, அமரச் சொல்லி, குழந்தையின் பெயரை விசாரித்தால், சுவரில் இரண்டொரு வெடிப்பு இருந்தாலும் அந்த வீட்டை எடுத்துக்கொள்ளலாம்.