ஆள் வரவில்லை: லண்டன் ஒலிம்பிக், 2012

2012 ஜூலை 27ஆம் தேதி லண்டனில் ஒலிம்பிக் தொடங்க வேண்டும். ஜூலை 11ஆம் தேதி, விளையாட்டு அரங்குகளின் காவலை ஏற்றிருந்த ஜி4எஸ் என்னும் தனியார் நிறுவனம், ஒப்புக்கொண்ட அளவுக்கு ஆள் தர முடியாது என்று பிரிட்டிஷ் அரசிடம் கைவிரித்தது. மிச்சம் இருந்தது 16 நாள். உள்துறை அமைச்சர் தெரசா மே மறுநாளே நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 3,500 ராணுவ வீரர்கள் கூடுதலாக அழைக்கப்பட்டார்கள். நாடு கொதித்துப் போனது.

ஜி4எஸ் பெயர் தெரியாத சின்னக் கம்பெனி அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் கிளை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், பிரிட்டனிலேயே சிறைகளை நடத்தும் அனுபவம் எல்லாம் அப்போது அதற்கு இருந்தன. ஒரே நேரத்தில் இரண்டு ஒலிம்பிக்குக்குக் காவல் போடவும் தங்களால் முடியும் என்று அதன் மூத்த அதிகாரி ஒருவர் அதற்குச் சற்று முன்புதான் பெருமையாகச் சொல்லியிருந்தார். ஒன்றுக்கே ஆள் இல்லை என்று தெரிந்தபோது அந்தப் பேச்சைப் பத்திரிகைகள் விடுமா?

பாதுகாப்பு இந்தப் போட்டிக்கு ஒப்புக்குச் செய்யும் ஏற்பாடாக எந்த நாளிலும் இருந்ததில்லை. 2005 ஜூலை 6 அன்று சிங்கப்பூரில் ஒலிம்பிக் வாய்ப்பு லண்டனுக்குக் கிடைத்தது. மறுநாள் காலை லண்டனின் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் மாண்டார்கள். அரங்க வாசலில் யார் நிற்பார், பையை யார் சோதிப்பார் என்ற கேள்வி அன்றே எழுந்தது. பதில் தேட ஏழு ஆண்டு அவகாசம் இருந்தது.

ஏழு ஆண்டில் நடந்தது என்ன? ஒப்பந்தம் போட்டது அரசு அல்ல. லோகாக் எனப்பட்ட ஒலிம்பிக் அமைப்புக் குழு. செபாஸ்டியன் கோ அதன் தலைவர், பால் டைட்டன் தலைமை நிர்வாகி. சட்டப்படி அது ஒரு தனியார் நிறுவனம். காவலுக்கான பணமோ மக்கள் வரிப்பணம். பணம் ஒருவருடையது, கையெழுத்து இன்னொருவருடையது, வேலை மூன்றாமவருடையது. ஒப்பந்தம் எங்களுடையது அல்ல என்று உள்துறை சொல்லிக்கொள்ள இந்த ஏற்பாடு இடம் கொடுத்தது. பின்னால் வெடித்த கோபத்தில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தது.

2010 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது ஜி4எஸ் தர வேண்டியிருந்தது 2,000 காவலர்கள், மதிப்பு 8.6 கோடி பவுண்டு. ஓராண்டு கழித்து, 2011 டிசம்பரில், கணக்கு தலைகீழானது. அரங்குகளுக்கு 10,000 பேர் போதும் என்றிருந்த மதிப்பீடு 23,700 ஆக உயர்ந்தது. ஜி4எஸ்ஸின் பங்கு 10,400 பேரானது, தொகை 28.4 கோடி பவுண்டானது. அரங்கப் பாதுகாப்பின் மொத்தச் செலவு 28.2 கோடியிலிருந்து 55.3 கோடிக்குத் தாவியது. முதல் மதிப்பீடு எப்படி இவ்வளவு தப்பாகப் போனது என்று நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2012 மார்ச்சிலேயே கேட்டுவிட்டது. வாங்கியவர்களின் பிழை இது. போட்டிக்கு ஏழெட்டு மாதம் இருக்கும்போது ஐந்து மடங்கு ஆள் கேட்டவர்களுக்கும், கேட்டதும் ‘ஆகட்டும்’ என்று தலையாட்டிப் பணம் பேசியவர்களுக்கும் பழியைச் சமமாகப் பிரிப்பது கடினம். ஆனாலும் முடியாது என்று சொல்லும் உரிமை கம்பெனியிடம் இருந்தது. அது சொல்லவில்லை.

விண்ணப்பத்துக்குப் பஞ்சமில்லை, லட்சம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். சிக்கல் அதற்கடுத்த படிகளில் இருந்தது. நேர்காணல், பின்னணி விசாரணை, பயிற்சி, காவல் வேலைக்கான உரிமம், ஒலிம்பிக் அனுமதி அட்டை, சீருடை, கடைசியில் எந்த அரங்கில் எந்த ஷிஃப்ட் என்ற தகவல் என்று வரிசை நீண்டது. இத்தனையும் முடிந்து ஒருவர் சம்பளம் பார்க்க மாதக்கணக்கில் ஆகும். மனுப் போட்டவர்களில் பலர் மாணவர்கள், வேலை தேடுபவர்கள். சில வார வேலைக்காக வருமானம் இல்லாமல் மாதக்கணக்கில் யார் காத்திருப்பார்? வேறு வேலை கிடைத்தவர்கள் போய்விட்டார்கள். காத்திருந்தவர்களுக்குச் சீருடை வரவில்லை, ஷிஃப்ட் விவரம் வரவில்லை. கேட்டால் பதிலும் வரவில்லை. பயிற்சி முடித்தும் அழைப்பே வராதவர்கள் பத்திரிகைகளிடம் போய்ப் புலம்பினார்கள். சீக்கிரமே ஆள் எடுத்தால் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் தர வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கடைசி நேரத்தில் எடுப்பது என்று கம்பெனி கணக்குப் போட்டிருந்தது. கணினிப் பட்டியலில் பல்லாயிரம் பெயர்கள் இருந்தன. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, வாசலில் ஆள் நிற்பது வேறு என்பதைக் கம்பெனி ஜூலையில்தான் கண்டுபிடித்தது.

மக்களின் கோபத்துக்குக் காரணம் ஒன்றல்ல. ஜூலை 5 அன்றுதான் பாதுகாப்பு அமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட் தரைப்படையில் 20,000 பேரைக் குறைக்கும் திட்டத்தை விவரித்து, கலைக்கப்படும் படைப்பிரிவுகளின் பெயர்களைப் படித்திருந்தார். ஒரே வாரம் கழித்து அதே ராணுவத்திடம் வந்து கைகொடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆப்கானிஸ்தானிலிருந்து அப்போதுதான் ஊர் திரும்பியவர்கள், விடுமுறைக்குக் குடும்பத்தோடு திட்டம் போட்டிருந்தவர்கள், அரங்க வாசலில் கைப்பை சோதிக்க வந்தார்கள். கிழக்கு லண்டனில் டொபாக்கோ டாக் என்ற பழைய வணிக வளாகத்தில் வரிசையாகக் கட்டில் போட்டு அவர்களில் பலரைத் தங்கவைத்தார்கள். கோபம் இருமடங்கானதற்கு வேறென்ன வேண்டும்?

ஜூலை 17 அன்று ஜி4எஸ்ஸின் தலைமை நிர்வாகி நிக் பக்கிள்ஸ் நாடாளுமன்ற உள்துறைக் குழுவின் முன் வந்து உட்கார்ந்தார். கீத் வாஸ் குழுத் தலைவர். நாட்டுக்கே தலைகுனிவைத் தந்த குளறுபடி அல்லவா இது என்று உறுப்பினர் டேவிட் வின்னிக் கேட்டார். மறுப்பதற்கில்லை என்றார் பக்கிள்ஸ். அந்த ஒப்புதலோடு நிறுத்தியிருந்தால் சூடு கொஞ்சம் தணிந்திருக்கலாம். ஆனால் மேலாண்மைக் கட்டணமான 5.7 கோடி பவுண்டைக் கேட்டுப் பெறுவோம் என்றும் அதே அமர்வில் சொன்னார். உறுப்பினர்கள் நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், பதில் மாறவில்லை. எதை மேலாண்மை செய்யத் தவறினார்களோ அதற்கே கட்டணம்! ஒப்பந்தச் சட்டப்படி அந்தக் கோரிக்கையில் நியாயம் இருந்திருக்கலாம். தொலைக்காட்சியில் பார்த்த வரி செலுத்துவோருக்குச் சட்டம் தெரியவில்லை, துணிச்சல் மட்டும் தெரிந்தது.

இதற்கிடையே கள நிலவரம் மோசமானது. கால்பந்துப் போட்டிகளில் ஆடும் அணி தங்கிய சால்ஃபர்ட் விடுதிக்கு 56 காவலர்கள் வர வேண்டிய இடத்தில் 17 பேர் வந்தார்கள். மற்ற ஊர்களிலும் இதே கதை. அந்தந்த வட்டாரக் காவல்துறை தன் ஆட்களை அனுப்பி ஓட்டையை அடைத்தது. ஜூலை 24 அன்று இன்னும் 1,200 வீரர்கள் சேர்க்கப்பட, மொத்த ராணுவ எண்ணிக்கை 18,200 ஆனது.

போட்டிகள் நன்றாகவே நடந்தன. வாசலில் நின்ற வீரர்களின் கண்டிப்பும் கனிவும் பார்வையாளர்களுக்குப் பிடித்துப் போயின. தனியார் வழியில்தான் எல்லா வேலையும் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அமைச்சகத்துக்கு வந்ததாகவும், இந்த அனுபவம் அதை மறுபரிசீலனை செய்ய வைத்ததாகவும் ஹாமண்டே ஆகஸ்டில் ஒரு பேட்டியில் சொன்னார். செலவைக் குறைக்கும் கன்சர்வேட்டிவ் அமைச்சர் ஒருவரின் வாயிலிருந்து அது வந்ததற்குத் தனி மதிப்பு உண்டு. தனியார் கம்பெனி தன் லாபத்துக்கு ஏற்ற மிகக் குறைந்த ஆட்களோடு வேலையை முடிக்கப் பார்க்கும். ராணுவம் தேவைக்கு மேலேயே கையிருப்பு வைத்திருக்கும். சாதாரண நாளில் அந்தக் கையிருப்பை வீண்செலவு என்பார்கள். ஆள் வராத நாளில் அரசுக்குக் கைகொடுத்தது அதுதான்.

அதன்பின் கணக்குத் தீர்ப்பு தொடங்கியது. ஒப்புக்கொண்ட ஷிஃப்ட்களில் ஜி4எஸ் நிறைவேற்றியது 83 சதவீதம். செப்டம்பரில் வெளிவந்த உள்துறைக் குழு அறிக்கை, மேலாண்மைக் கட்டணத்தைக் கம்பெனி விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. அதே மாதம் இரண்டு உயரதிகாரிகள் பதவி விலகினார்கள். பக்கிள்ஸ் நீடித்தார், 2013 மே மாதம்தான் போனார். 2013 பிப்ரவரியில் லோகாக்குடன் சமரசம் முடிந்தபோது இந்த ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு மொத்த நட்டம் 8.8 கோடி பவுண்டு. வாங்கிய தரப்பில் யாருக்கும் இப்படி ஒரு கணக்குத் தீர்க்கப்படவில்லை. லோகாக்கின் தலைமை நிர்வாகி டைட்டன் 2012 நவம்பரில் பிரபுவாகி, 2013 ஜனவரியில் நிதித்துறை அமைச்சர்களில் ஒருவராகப் பொறுப்பேற்றார்.

கோபம் சில கதவுகளை மூடியது. காவல்துறைப் பணிகளைத் தனியாருக்கு விடும் திட்டத்திலிருந்து சர்ரே காவல்துறை 2012 ஜூலையிலேயே பின்வாங்கியது. ஜி4எஸ் நடத்திய வோல்ட்ஸ் சிறை 2013இல் அரசின் கைக்குத் திரும்பியது. அதே ஆண்டு பெரிய பூதம் கிளம்பியது. குற்றவாளிகளுக்கு அணிவிக்கும் மின்னணுக் கண்காணிப்புப் பட்டை ஒப்பந்தத்தில், இறந்தவர்களுக்கும் நாட்டை விட்டுப் போனவர்களுக்கும் சிறைக்கே திரும்பியவர்களுக்கும் சேர்த்து அரசிடம் பில் போடப்பட்டிருந்தது. ஜி4எஸ்ஸோடு செர்கோ நிறுவனமும் இதில் சிக்கியது. ஜி4எஸ் சுமார் 10.9 கோடி பவுண்டைத் திருப்பிக் கொடுத்தது. 2020இல் மோசடித் தடுப்பு அமைப்புடன் செய்த உடன்பாட்டின்படி அபராதமும் செலவுமாக இன்னும் 4.4 கோடி கட்டியது. அது நடத்திய பர்மிங்காம் சிறையில் 2016 டிசம்பரில் பெரும் கலவரம் வெடித்தது. 2018 ஆகஸ்டில் அரசு அந்தச் சிறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஒலிம்பிக்கில் ராணுவம் வந்ததுபோலவே இங்கும் கடைசியில் வந்து நின்றது அரசு ஊழியர்கள்தான்.

2021இல் அல்லைடு யுனிவர்சல் என்னும் அமெரிக்க நிறுவனம் ஜி4எஸ்ஸை விலைக்கு வாங்கியது. மறு ஆண்டு வெல்லிங்பரோவில் ஃபைவ் வெல்ஸ் என்ற புதிய சிறையை பிரிட்டிஷ் அரசு திறந்தது. அதை நடத்தும் ஒப்பந்தம் ஜி4எஸ்ஸுக்கே கிடைத்தது.