பூட்டு நம்மிடம், சாவி யாரிடம்?

(கடலூரிலும் சிதம்பரத்திலும் பொதுமக்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் என் தப்பையே சொல்லிவிடுகிறேன். சில வருஷம் முன்னாடி சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு ஆதார் பிரிண்ட் எடுக்கப் போனேன். "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க சார்" என்றார் கடைக்காரத் தம்பி. அனுப்பினேன். அவர் கம்ப்யூட்டரில் டவுன்லோட் ஃபோல்டரைத் திறந்தார். வரிசையாக ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், பத்திர நகல். எல்லாம் முன்பின் தெரியாதவர்களுடையது. அந்த வரிசையில் என்னுடையதும் போய்ச் சேர்ந்தது.

அந்தத் தம்பி திருடர் இல்லை. வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பத்து ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

போனுக்கு விரல்ரேகைப் பூட்டு வைத்திருக்கிறோம், ஓடிபி யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் நம்ம விவரம் நம்ம போனில் மட்டுமா இருக்கு? வங்கி, அந்த வங்கிக்கு மென்பொருள் தரும் நிறுவனம், அந்த நிறுவனத்துக்கு வேலை செய்யும் இன்னொரு நிறுவனம் என்று கை மாறிக்கொண்டே போகிறது. இவர்களைத்தான் மூன்றாம் தரப்பு நிறுவனங்கள், வெண்டர்கள் என்கிறார்கள்.

300 வங்கிகள் நின்ற நாள்

2024 ஜூலை 31. நாடு முழுவதும் சுமார் 300 சிறிய வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐ உள்ளிட்ட பணப் பரிவர்த்தனைகள் தடைப்பட்டன. பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். அந்த வங்கிகளுக்குள் யாரும் நேரடியாகப் புகவில்லை. அவற்றுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் கணினிகளில் ரான்சம்வேர் தாக்குதல் நடந்திருந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் மிரட்டல் மென்பொருள்தான் ரான்சம்வேர்.

சி-எட்ஜ் சாதாரண நிறுவனம் இல்லை. பாரத ஸ்டேட் வங்கியும் டிசிஎஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. அப்படியானால் ஓட்டை எங்கே? சி-எட்ஜுடன் தொடர்பில் இருந்த பிராண்டூ டெக்னாலஜி சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தில், சரியாக அமைக்கப்படாத ஒரு சர்வர் வழியாகத்தான் தாக்குதல் தொடங்கியது என்று கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் தன் ஆய்வில் சொன்னது. வங்கியின் வெண்டருக்கு வெண்டர். பணம் போட்டவருக்கு அந்தப் பெயரே தெரிந்திருக்காது.

இந்தியத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம், அதாவது என்பிசிஐ, உடனே சி-எட்ஜின் இணைப்பைத் துண்டித்தது. சோதித்துப் பார்த்து, மறுநாள் ஆகஸ்ட் 1 அன்று மீண்டும் இணைத்தது. ஒரு நாள் சிரமம்தான். துண்டிக்காமல் விட்டிருந்தால் பாதிப்பு மற்ற வங்கிகளுக்கும் பரவியிருக்கலாம்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. வீராணம் ஏரியின் கரை எவ்வளவு நீளமாக, எவ்வளவு பலமாக இருந்தாலும் ஒரு மதகு பழுதானால் போதும், தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். எந்த மதகு யார் பொறுப்பில் என்று தெரிந்திருந்தால்தான் வெள்ளத்தில் ஓடிப்போய் அடைக்க முடியும்.

உலகத்திலும் இதே கதைதான். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரம் திருடு போனது. திருடர்கள் நுழைந்தது, அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்ததாரரின் பாஸ்வேர்டு வழியாக.

வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது

"அது எங்க தப்பில்லை, மென்பொருள் கம்பெனி தப்பு" என்று ஒரு நிறுவனம் உங்களிடம் சொல்லலாம். சட்டம் அதை ஏற்பதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ன்படி, உங்கள் விவரத்தை வாங்கிய நிறுவனம், அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்தாலும் தானே பொறுப்பு. போதிய பாதுகாப்பு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

கடை வைத்திருப்பவர்களுக்கு

திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை, சிதம்பரம் கீழ வீதியில் துணிக்கடை. எதுவாக இருந்தாலும் பில்லிங் மென்பொருள் இருக்கு, கணக்குப் பார்ப்பவர் இருக்கிறார், சிசிடிவி மாட்டியவர் இருக்கிறார். நீங்களும் வெண்டர் வைத்திருப்பவர்தான்.

• யாரிடம் எந்த பாஸ்வேர்டு இருக்கிறது என்று ஒரு நோட்டில் பட்டியல் எழுதுங்கள். பாஸ்வேர்டை எழுத வேண்டாம், ஆளை எழுதுங்கள்.
• பில்லிங் சரிசெய்ய எனிடெஸ்க் போன்ற ஆப் வழியாக ஒருவர் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்தால், வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள்.
• சிசிடிவி, வைஃபை மாட்டியவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.
• வேலையை விட்டுப் போனவரின் லாகின் அன்றைக்கே நிற்க வேண்டும்.
• வாரம் ஒருமுறை கணக்கைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வையுங்கள். ரான்சம்வேர் வந்தால் கைகொடுப்பது இதுதான்.

எல்லோருக்கும்

ஆதார் நகல் கேட்கும் இடத்தில், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமா என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். விரல்ரேகையைப் பூட்டும் வசதியும் அங்கேயே இருக்கு, தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். பிரிண்ட் எடுத்ததும் "தம்பி, அதை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்னிலிருந்தும்" என்று சொல்லுங்கள். கடையில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், உங்கள் போனில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் வெளியேறுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டதால்தான் கேட்காமல் வந்தேன்.

பணம் போய்விட்டால்

முதல் வேலை, 1930-க்கு அழைப்பது. சைபர் கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் தரலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகாமல் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இரண்டாவது, வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குவது. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஓர் உரிமை இருக்கு. 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி: தப்பு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்த நாளை விட்டு 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்பு வரையிலான நஷ்டம் உங்கள் தலையில் விழும். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். அதே ஆண்டில் கூட்டுறவு வங்கிகளுக்கும் இப்படி ஒரு விதி வந்தது. ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் பொறுப்பு.

அதனால் வங்கி அனுப்பும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் அழிக்காதீர்கள். வயதான அப்பா, அம்மாவின் பழைய நம்பர் வங்கியில் இருந்தால் இந்த வாரமே மாற்றிக் கொடுங்கள். தகவலே வராதவர், மூன்று நாளுக்குள் எப்படிச் சொல்வார்?

இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் ஆதார் நகல் கடைசியாக யாரிடம் போனது என்று யோசித்துப் பாருங்கள். நினைவுக்கு வந்தால், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது அழிச்சாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்கள். நானும் அந்தக் கடைக்கு மறுபடி போய்க் கேட்டேன். தம்பி சிரித்துக்கொண்டே அந்த ஃபோல்டர் முழுவதையும் அழித்தார்.