45 நாள் மருந்தும் ஒரு பறவையின் நம்பிக்கையும்

(மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2010-ஆம் ஆண்டு இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் படித்து வெளியேறியவன். செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "உங்க துறை அனுபவத்தைப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் தொழிற்சாலை, பேட்டரி, செயற்கை நுண்ணறிவு என்று எல்லாவற்றையும் பேசிவிட்டார்கள். நான் பேசப்போவது நோய்வாய்ப்பட்ட ஒரு வளர்ப்புப் பறவைக்கு மருந்து கொடுப்பது பற்றி. துறையை விட்டு வெளியே போகிறேன் என்று நினைக்காதீர்கள். அளவீடும் ஃபீட்பேக்கும் இதில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

பறவை காக்டெயில் இனம். கடைசி வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது; ஹாஸ்டல் பழக்கம் விடாது! இது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சின்னக் கிளி. சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கிளி ஆசை உள்ளவர்கள் இந்த மாதிரி வெளிநாட்டு இனங்களைத்தான் வளர்க்கிறார்கள். திருநெல்வேலியில் தனியாக இருக்கும் என் அம்மாவும் அப்படித்தான். அப்பா 2021-ல் காலமான பிறகு, தங்கச்சி வாங்கிக் கொடுத்த பறவை அது. பெயர் குட்டி. காலையில் அம்மா பேப்பரைச் சத்தமாகப் படிப்பார். குட்டி தோளில் உட்கார்ந்து கேட்கும். மூன்று வருஷம் அந்த வீட்டில் பேச்சுத்துணை அதுதான்.

2024-ல் ஒருநாள் அம்மா போனில், "குட்டி உப்பிப் போய் உக்காந்திருக்கான்யா" என்றார். பறவை வளர்ப்பவர்கள் இந்த வார்த்தையைக் கேட்டால் பதற வேண்டும். காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பறவையைப் பருந்து முதலில் தூக்கும். அதனால் முடிந்தவரை மறைக்கும். இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடினால், நோய் இன்று வந்ததல்ல, பல நாள் ஆகிவிட்டது என்று அர்த்தம். அம்மாவிடம் ஒரு சமையலறைத் தராசு இருந்தது. மாதா மாதம் நிறுத்துக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லியிருந்தேன். 92 கிராம் இருந்த பறவை 81 கிராம். கிட்டத்தட்ட 12 சதவீதம் போய்விட்டது. 60 கிலோ ஆள் 7 கிலோ இளைத்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, இறகு மூடிவிடும். தராசுக்குத் தெரியும்.

உள்ளூர்க் கால்நடை மருத்துவர், "ஆடு, மாடு, நாய் பார்ப்பேன். பறவை எனக்குப் பழக்கமில்லை, சென்னைக்குக் கொண்டு போங்க" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். அம்மாவையும் குட்டியையும் காரில் சென்னைக்கு என் வீட்டுக்கே அழைத்து வந்தேன். பறவைகளைப் பார்க்கும் ஒரு டாக்டர் எச்சத்தையும் தொண்டை ஸ்வாபையும் பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினார். சிட்டகோசிஸ். கிளியினங்களுக்கு வரும் பாக்டீரியா நோய், மனிதர்களுக்கும் தொற்றும். 1929, 30-ல் பல நாடுகளில் பரவி, அமெரிக்காவில் கிளி இறக்குமதியையே தடை செய்யும் அளவுக்குப் பீதி கிளப்பிய நோய் இது. டாக்டர் எங்களுக்கும் உத்தரவு போட்டார். கூண்டு சுத்தம் செய்யும்போது முகக்கவசம், எச்சத்தை நனைத்துத்தான் துடைக்க வேண்டும், குழந்தை கிட்டே போகக் கூடாது, வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருமல் வந்தால் இந்த விஷயத்தை நம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குட்டிக்கு டாக்ஸிசைக்ளின். நாளைக்கு ஒரு வேளை வீதம் 45 நாள். பறவை தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் நடுவில் நிறுத்தக் கூடாது.

45 நாள் என்றதும் அம்மா முகம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்து கேட்டார்: "ஏய்யா, தெனமும் பிடிச்சு அமுக்கி மருந்து ஊத்துனா, அவன் அப்புறம் எங்கிட்ட வருவானா? வரலேன்னா நான் யாருகிட்டய்யா பேசுவேன்?"

நண்பர்களே, இந்தக் கேள்விக்கு மருந்துச் சீட்டில் பதில் இல்லை. பறவை பிழைத்து, அம்மாவைக் கண்டால் மூலைக்கு ஓடினால், எங்கள் வீட்டுக் கணக்கில் அது பாதி நஷ்டம்.

எல்லோரும் முதலில் சொல்லும் யோசனை, தண்ணீரில் கலந்து வைப்பது. கடைக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. காக்டெயில் வறண்ட நிலத்துப் பறவை, குடிப்பதே கொஞ்சம். கசந்தால் அதையும் விட்டுவிடும். எவ்வளவு உள்ளே போனது என்று அளக்க வழியில்லை. அளக்க முடியாத ஒன்றைக் கன்ட்ரோல் செய்கிறேன் என்று சொன்னால் நம்ம வாத்தியார் வெளியே அனுப்பியிருப்பார். இரண்டாவது யோசனை, பிடித்த தீனியில் ஒளித்து வைப்பது. அதிலும் பெரிய ஆபத்து இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டால் அந்தத் தீனியையே சந்தேகப்படும். இளைத்துக் கிடக்கும் பறவை சாப்பிட மறுத்தால் நோயைவிட அதுவே முந்திக்கொள்ளும்.

நாங்கள் எடுத்த முடிவு இதுதான்: எதையும் மறைப்பதில்லை. மருந்து வரும்போது மருந்து வருகிறது என்று பறவைக்குத் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், மற்ற நேரத்தில் மருந்து வராது என்றும் அதற்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

இதற்காக ஒரு நீலத் துண்டு வாங்கினோம். அந்தத் துண்டு மருந்துக்கு மட்டும். இடமும் தனி: மாலை ஏழு மணி, பின்பக்க அறை, மங்கலான வெளிச்சம். முழு இருட்டு வேண்டாம். காக்டெயில் இருட்டில் மிரண்டு கூண்டில் மோதிக்கொள்ளும் இனம். துண்டைக் காட்டி "மருந்து" என்று ஒரே வார்த்தை சொல்லி, கூண்டுக்குள் துரத்தாமல் ஒரே மூச்சில் எடுத்துவிட வேண்டும். இதைச் செய்பவன் நான். வெறுங்கை துண்டில்லாமல் கூண்டுக்குள் போனால் அது தீனிக்கோ தடவிக் கொடுக்கவோதான், ஒருநாளும் பிடிப்பதற்கு அல்ல.

பிடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், வளர்ப்பவர்களுக்கு உபயோகப்படும். பறவைக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பாசத்தோடு நெஞ்சை இறுக்கிப் பிடித்தால்கூட மூச்சு நின்றுவிடும். கட்டைவிரலும் நடுவிரலும் தலைக்குக் கீழே தாடையின் இரு பக்கமும் இருக்க வேண்டும். உடம்பைத் துண்டு தாங்கிக்கொள்ளட்டும். மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்ந்திருக்க வேண்டும். ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சை அலகின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நோக்கிக் காட்டி, ஒவ்வொரு சொட்டாக, விழுங்க விட்டுக் கொடுக்க வேண்டும். மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. அவசரப்பட்டால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். மூக்கில் நுரை தெரிந்தால் உடனே நிறுத்திக் கீழே விட்டுவிடணும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்ததில்லை, டாக்டர் என் கையைப் பிடித்துக் காட்டினார். நீங்களும் ஒருமுறை நேரில் பார்த்துத்தான் செய்ய வேண்டும். இன்னொன்று, கூண்டில் தொங்கும் கணவாய் ஓட்டை எடுத்துவிடச் சொன்னார். சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைக் குடலில் சேரவிடாதாம். இப்படி ஒரு சின்ன விஷயம் 45 நாளையும் வீணாக்கிவிடும்.

முதல் நாள் துண்டிலிருந்து விட்டதும் குட்டி கொண்டையை மண்டையோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்துப் பாம்பு மாதிரிச் சீறியது. இந்தக் கொண்டை ஒரு நல்ல மீட்டர். படக்கென்று நெட்டுக்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது, படிந்து ஒட்டினால் பயம் அல்லது கோபம், பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. அம்மா அதைப் படிக்க என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்.

சாயங்காலம் நான் வில்லன். காலையில் அம்மாவின் வகுப்பு. அதே மாதிரி சிரிஞ்ச், ஆனால் காலி. கூண்டுக்கு வெளியே ஓரடி தூரத்தில் காட்டுவார். கொண்டை பாதியில் நின்றால் ஒரு துணுக்குத் தினைக்கதிர். வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் கிளி விரட்டினாள் என்று கதை கேட்டிருக்கிறோம். கிளிக்குத் தினை மேல் எவ்வளவு ஆசை என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள். தூரத்தை ஒவ்வொரு அங்குலமாகக் குறைத்தார். பறவை முகத்தைத் திருப்பினால் உடனே சிரிஞ்சை எடுத்துவிட வேண்டும், கெஞ்சக் கூடாது. அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்கின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குண்டை இலக்குக்கு வழிநடத்தப் புறாக்களைப் பழக்கியது இந்த முறையில்தான். ராணுவம் அதைப் பயன்படுத்தவில்லை. அம்மா பயன்படுத்தினார்.

எட்டாம் நாள் குட்டி சிரிஞ்சின் நுனியைக் கடித்துப் பார்த்தது. பதினொன்றாம் நாள் அதில் ஒரு சொட்டு ஆப்பிள் சாறு. நக்கியது. நான் அவசரப்பட்டு, "நாளைக்கு மருந்தை அதுலயே வச்சிரலாமாம்மா?" என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "இப்பதான் வாசல் வரைக்கும் வந்திருக்கான். உள்ள வரட்டும்" என்றார். இன்னும் ஒரு வாரம் வெறும் சாறு. பிறகு டாக்டரைக் கேட்டு, பத்தொன்பதாம் நாள் காலை மருந்தையே சிரிஞ்சில் எடுத்து, பறவைக்கு மணம் தெரியும்படி நேராக நீட்டினார். ஒரு சொட்டு குடித்துவிட்டுத் தலையை உதறியது. அம்மா சிரிஞ்சை இழுத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் கழித்துக் குட்டி தானாகவே கம்பியோரம் வந்தது. கசப்பென்று தெரிந்தும் வந்தது. ஐந்து தடவையில் முழு அளவும் உள்ளே போனது, பின்னாலேயே தினைக்கதிர். அன்று மாலை நீலத் துண்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பின் 26 நாளில் நான்கு நாள் மறுத்தது. அந்த நாலு நாளும் மாலையில் துண்டோடு நான் போனேன். "இன்னைக்கு வேண்டாம்னுட்டான், விட்ரலாமா?" என்று மனம் இளகியது என் மனைவிக்குத்தான்; அம்மாவுக்கு இல்லை. காலையில் அவன் சொல்வதைக் கேட்கலாம், மாலையில் கேட்க முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். மறுநாள் காலை அதே கம்பியோரம் அவரிடம் வந்து நின்றது.

45-ஆம் நாள் எடை 90 கிராம். பிறகு செய்த சோதனையில் கிருமி இல்லை. இருவரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை காலையில், சிரிஞ்சில் ஆப்பிள் சாறு இன்றும் நடக்கிறது. அடுத்த நோய் வரும்போது முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டாமே. நான் போனால் குட்டி இரண்டு கம்பி தள்ளி உட்கார்ந்து என் கையில் துண்டு இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் வரும். அம்மா தோளில் பேப்பர் வாசிப்பு தொடர்கிறது.

பறவை வளர்க்கும் நண்பர்கள் மதியச் சாப்பாட்டின்போது என்னைப் பிடித்தால், துண்டு பிடிக்கும் விதத்தை ஒரு கைக்குட்டையில் செய்து காட்டுகிறேன்.